இன் சிட்டு... அது எந்தச் சிட்டு?

உச்சி வெயில். சாயில் மெக்கானிக்ஸ் லேப். லேப் என்ற பெயர்தானே தவிர, எங்களை நிற்க வைத்திருந்தது கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டல் மைதானத்தில். பொத்தேரி வெயிலைப் பற்றித் தெரியாதவர்கள் ஒருமுறை ஸ்டேஷன் மேம்பாலத்தில் பகல் ஒரு மணிக்கு நின்று பார்க்கவும். அதற்குமேல் வர்ணனை வேண்டாம்.

"இன்னைக்கு இன் சிட்டு டென்சிட்டி" என்றார் லேப் சார்.

பின்வரிசையிலிருந்து உடனே ஒரு குரல். "சார், அந்தச் சிட்டு எந்த டிபார்ட்மென்ட்?"

சிரிப்பு அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. சாரும் சிரித்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். அப்புறம் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் செய்தது இதுதான். நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ஒரு தட்டைத் தரையில் வைக்கணும். அந்த ஓட்டை அளவுக்குக் குழி தோண்டணும். வெளியே வந்த மண்ணை ஒரு துளி சிந்தாமல் எடை போடணும். பிறகு எடை தெரிந்த உலர்ந்த மணலை ஒரு சிலிண்டரிலிருந்து குழிக்குள் கொட்டணும். எவ்வளவு மணல் பிடித்தது என்று பார்த்தால் குழியின் கொள்ளளவு தெரிந்துவிடும். எடை வகுத்தல் கொள்ளளவு, மேட்டர் ஓவர். மணல் மாற்று முறை என்று இதற்குப் பெயர். மண் களியாக இருந்தால் வேறு வழி: 10 செ.மீ. விட்டமும் 13 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு உருளையை அடித்து இறக்கி, மண்ணை அப்படியே முழுசாக வெட்டி எடுப்பார்கள்.

எனக்கு ஒரே டவுட். "சார், ஒரு மூட்டை மண்ணை அள்ளிட்டு உள்ளே ஃபேன் கீழ வெச்சு அளந்தா ஆகாதா?"

"அள்ளின உடனே அது வேற மண்ணுப்பா" என்றார் சார். அவ்வளவுதான் விளக்கம்.

அந்த ஒரு வரி தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் பார்த்தால் இந்த 'இன் சிட்டு' போகிற இடமெல்லாம் எதிரில் வந்து நிற்கிறது. மெடிக்கல் காலேஜ் தோழி சொல்கிறாள், பயோடெக் ரூம்மேட் சொல்கிறான், நியூஸ்ல இஸ்ரோ சொல்கிறது. சரி, யார்தான் இந்தச் சிட்டு என்று ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ஏழாம் வேற்றுமையின் லத்தீன் கஸின்

முதலில் கொஞ்சம் கிராமர். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

லத்தீனில் 'சிட்டுஸ்' என்றால் இருப்பிடம், ஒரு பொருள் கிடக்கிற இடம். இங்கிலீஷில் நாம் தினமும் சொல்கிற 'சைட்' அதன் பேரன்தான் (வேலை நடக்கிற சைட்டைச் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டில் அடிப்பதை அல்ல). 'சிட்டுவேஷன்' இன்னொரு பேரன். 'இன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'சிட்டூ' என்று நீட்டினால் 'இடத்தில்' என்று பொருள். அதையே 'சிட்டும்' என்று 'ம்' சேர்த்தால் 'இடத்துக்குள்' என்று நகர்ந்து போகிற அர்த்தம் வந்துவிடும். நம்ம 'ஊரில்', 'ஊருக்கு' வித்தியாசம்தான். தமிழில் உருபை மாற்றுகிறோம், அவர்கள் சொல்லின் வாலை மாற்றுகிறார்கள். ஆக இன் சிட்டு என்பது நகராத சொல். இருந்த இடத்திலேயே, கிடந்தது கிடந்தபடியே என்று அர்த்தம்.

இலக்கணக்காரர்கள் கணக்கில் இது ரெண்டு சொல் சேர்ந்து ஒரு வினையடையாக வேலை செய்வது. எங்கே செய்தான் என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற சொல். இங்கே, அங்கே மாதிரி. நம்மிடம் ஒரு காலத்தில் 'உங்கே'யும் இருந்தது. ரொம்பக் கிட்டவும் இல்லாமல் ரொம்பத் தூரமும் இல்லாமல் நடுவில் இருப்பதற்கு. நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்னும் 'உங்கை' என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

லத்தீனில் இப்படி இடம் சொல்லும் சொற்கள் நமக்குத் தெரியாமலே நம்மோடு சுற்றுகின்றன. பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்குறிப்பில் 'இபிட்' என்று போடுகிறோமே, அது 'இபிடெம்', அதாவது 'அதே இடத்தில்'. தமிழ் ஆய்வேடுகளில் 'மேலது' என்று போடுவார்கள். 'அலிபி' கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் சுத்தமான இட வினையடை. 'வேறிடத்தில்' என்று அர்த்தம். 1872-ஆம் வருஷ சாட்சியச் சட்டத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு: கல்கத்தாவில் குற்றம் நடந்த நாளில் ஆள் லாகூரில் இருந்தான் என்பது கணக்கில் வரும் விஷயம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் கல்கத்தா சென்னையாகவும், லாகூர் லடாக்காகவும் மாறிவிட்டன. முதல் ஹவர் கிளாஸில் பிராக்ஸி கொடுத்துவிட்டு டீக்கடையில் நிற்பவனின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். ரெஜிஸ்டர் பிரகாரம் அவன் இங்கே. ஆனால் ஆள் அலிபி.

ரெடிமேட் கோயிலும் இருந்த இடத்துக் கோயிலும்

சிவில் பசங்களுக்கு இன் சிட்டு என்றால் முதலில் ஞாபகம் வருவது கான்கிரீட். அங்கேயே பலகை அடித்து, கம்பி கட்டி, அங்கேயே கலவையை ஊற்றி, அங்கேயே இறுக விடுவது. சைட்டில் யாரும் லத்தீன் பேசுவதில்லை. 'சென்டரிங் அடிச்சாச்சா? நாளைக்குத் தளம் போடலாமா?' அவ்வளவுதான். இதற்கு எதிர்க்கட்சி பிரீகாஸ்ட்: யார்டில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து மாட்டுவது. சென்னை மெட்ரோவின் உயர்பாதை வேலையைப் பார்த்தால் ரெண்டும் சேர்ந்தே தெரியும். தூண் அங்கேயே வார்த்தது. மேலே உட்காரும் கர்டர் வேறெங்கோ பிறந்து வந்தது.

இந்தப் பாடத்தை 1,300 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஏரியாவில் ஒருத்தர் நடத்தி முடித்துவிட்டார் என்றால் நம்புவீர்களா? பொத்தேரியிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். மாமல்லபுரம். ஃபர்ஸ்ட் இயரில் செல்ஃபி எடுக்கப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். இந்தத் தடவை வேறு கண்ணோடு போனேன்.

ஐந்து ரதங்களை யாரும் 'கட்ட'வில்லை. ஏழாம் நூற்றாண்டில் அங்கே கிடந்த பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதலில் உச்சி, கடைசியில் பாதம். உலகத்தில் எல்லோரும் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள் என்றால், இங்கே அஸ்திவாரம்தான் கடைசி ஐட்டம். அதனால்தான் மேலே அவ்வளவு நகாசு வேலை இருக்க, கீழ்ப்பகுதிகள் முடியாமல் முரடாகவே நிற்கின்றன. திரௌபதி, அர்ஜுனன், பீமன், தர்மராஜா என்று பேர் வைத்திருக்கும் நாலும் ஒரே வரிசையில், ஒரே பாறைத் தொடரிலிருந்து வந்தவை. ஒரு தடவை உளி தப்பினால் கதை முடிந்தது. கல்லை மாற்றிப் போட முடியாது. டெலீட் பட்டன் இல்லாத டிசைன், பாஸ்!

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கடற்கரைக் கோயில். அது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம், ராஜசிம்மன் காலம். வெட்டிய கற்களைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது. அதாவது பிரீகாஸ்ட்! ரெண்டு மூன்று தலைமுறைக்குள் பல்லவர்கள் டெக்னாலஜியையே மாற்றிவிட்டார்கள். ஏன்? பாறை இருக்கிற இடத்தில்தான் கோயில் என்ற நிபந்தனை அதோடு ஒழிந்தது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மாதிரி, எங்கே வேண்டுமோ அங்கே கட்டலாம். பிராக்டிகலாகப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் என்னிடம் ஓட்டு கேட்டால் ரதங்களுக்குத்தான் போடுவேன். மண்ணிலிருந்து பிரிக்க முடியாத கட்டடம் என்று வேறெதைச் சொல்ல முடியும்?

பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. அந்தச் சரிவில் எப்படி நிற்கிறது என்று எல்லோரும் முதுகைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுப்பார்களே, அதுதான். 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், அது அசையவில்லை என்று ஊரில் சொல்வார்கள். இதைவிடப் பிடிவாதமான இன் சிட்டு கிடையாது.

மண்ணுக்கும் மெமரி உண்டு

2004 டிசம்பர் 26. சுனாமி இந்தக் கரையில் மணலை வாரிக்கொண்டு போனபோது, அதுவரை மூடிக் கிடந்த சில கல் வேலைப்பாடுகள் வெளியே தெரிந்தன. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகை பக்கம், ஒரு பாறையில் கல்வெட்டு எழுத்து தென்பட்டது. அதில் ஒரு முருகன் கோயிலைப் பற்றிய குறிப்பு. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் கோயிலே இல்லை! தொல்லியல் துறை 2005-ல் தோண்டியது. மணலுக்கு அடியில் கோயில். பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயிலின் அடித்தளம்.

இதில் எனக்குப் பிடித்த வார்த்தை 'கீழே'. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்பதுதான் அங்கே மொத்தக் காலண்டரும். அந்தச் செங்கல்லை யாராவது பெயர்த்துக்கொண்டு போய் மியூசியக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால், அது அழகான பழைய செங்கல். அவ்வளவுதான். அது இருந்த இடத்தில்தான் அதன் வயது இருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு இந்தியாவிலேயே சிறந்த கிளாஸ்ரூம் சென்னைக்கு வடமேற்கே, பூண்டி பக்கம் இருக்கும் அத்திரம்பாக்கம். கதை தொடங்குவது மட்டும் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டில். 1863 மே 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதே வருஷம் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார்.

கல் கருவிக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி? கல்லின் வயதைக் கேட்டால் அது கோடிக்கணக்கில் சொல்லும். மனுஷன் அதைச் செதுக்கிப் போட்டது எப்போது என்பதல்லவா கேள்வி! சாந்தி பப்புவின் குழு 1999-லிருந்து அங்கே பொறுமையாகத் தோண்டியது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தரைமேல் கிடக்கும் கல்லில் சில அணுக்களை உண்டாக்குகின்றன. கல் புதைந்ததும் அந்த வரத்து கிட்டத்தட்ட நின்றுவிடும், இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். மிச்சத்தை எண்ணினால் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று தெரியும். இதையும், மண் அடுக்கில் பதிந்திருக்கும் பூமியின் பழைய காந்தத் திசையையும் வைத்து, சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 2018-ல் 'நேச்சர்' இதழில் அடுத்த கட்டுரை: மேல் அடுக்குகளில், இன்னும் நுணுக்கமான கருவிகள் சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டன. இதற்கு மண் துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று அளக்கும் முறை. சாம்பிளை வெயில் படாமல் எடுக்கணும். வெளிச்சம் பட்டால் மண் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அள்ளின உடனே அது வேற மண்ணு. லேப் சார் வாழ்க!

பானைக்குள்ள பாம்பு

உயிருள்ள விஷயங்களுக்கு வருவோம். 1992-ல் ரியோவில் கையெழுத்துக்கு வந்த பல்லுயிர் ஒப்பந்தத்தில் 8-ஆம் பிரிவு இன் சிட்டு பாதுகாப்பு. அதாவது விலங்கை அதன் காட்டிலேயே காப்பது. 9-ஆம் பிரிவு எக்ஸ் சிட்டு. இடத்தை விட்டு வெளியே கொண்டுவந்து காப்பது. ரெண்டாவது முதலாவதுக்குத் துணைதான், மாற்று இல்லை என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

ரெண்டுக்கும் சாம்பிள் பார்க்க நம்ம மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டாம். வண்டலூர் உயிரியல் பூங்கா எக்ஸ் சிட்டு. 1855-ல் சென்னையில் தொடங்கிய அந்தப் பூங்காவே 1985-ல் இடம் பெயர்ந்து வண்டலூருக்கு வந்ததுதான் என்பது கூடுதல் காமெடி. எதிர்ப்பக்கம் வேடந்தாங்கல். அந்த ஏரியில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஊர்க்காரர்கள் விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள் அவர்கள். பாசம் மட்டும் காரணமில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பேரைப் பாருங்கள், வேடன் தாங்கிய ஊர்!

ஆனால் என்னை அசத்தியது இந்த ரெண்டும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கேதான். அதன் வளாகத்துக்குள்ளேயே 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோக, இருளர்களின் பிழைப்பும் நின்றது. அதற்கு வந்த பதில்தான் இது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகையைப் பிடித்து வந்து, மண் பானையில் வைத்து, சில வாரங்களில் சில தடவை விஷம் எடுத்துவிட்டு, மறுபடி வெளியில் விட்டுவிடுவார்கள். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்வார்கள், உடனே அதே பாம்பை மறுபடி பிடிக்காமல் இருக்க. எடு, கடன் வாங்கு, திருப்பி விடு. இன் சிட்டுவும் இல்லாமல் எக்ஸ் சிட்டுவும் இல்லாமல் ஒரு 'உங்கே' சிட்டு! இந்தத் தொழிலின் ஆட்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இங்கேயும் இடம் வேலையைக் காட்டுகிறது. இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும்பாலும் இங்கிருந்துதான் விஷம் போகிறது. ஆனால் ஒரே வகைப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் பல மாநிலப் பாம்புகளின் விஷத்தைச் சோதித்துப் பார்த்து, சில இடங்களில் இப்போதைய மருந்து எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்வதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் கடித்த பாம்புக்குச் செங்கல்பட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவருக்கு இது கிராமர் சமாச்சாரம் இல்லை.

மெடிக்கல் தோழி சொன்னதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'இன் சிட்டு' என்று இருந்தால், கெட்ட செல்கள் தோன்றிய இடத்திலேயே நிற்கின்றன, எல்லை தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் இன்னும் நுழையவில்லை என்று அர்த்தம். 'அந்த ரெண்டு வார்த்தையைப் படிச்சதும் டாக்டர் மூச்சு விடுவாங்க' என்றாள்.

நாமக்கல் மண்ணும் நிஜ நிலாவும்

சந்திரயான் 2-க்கு ரோவரை ஓட்டிப் பழக நிலா மண் வேண்டுமே, என்ன செய்தார்கள்? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கும் பாறையை அரைத்து நிலா மண் மாதிரி செய்தார்கள். மாதிரிதான். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான் 3 இறங்கியது. திட்ட இயக்குநர் நம்ம விழுப்புரத்து வீரமுத்துவேல். சில நாளில் இஸ்ரோ அறிவித்தது: தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பது முதல்முறையாக இன் சிட்டுவாக உறுதியானது. பிரக்யான் ரோவர் மண்மேல் லேசரைப் பாய்ச்சி, எழுந்த ஒளியைப் படித்துச் சொன்னது. விக்ரமிலிருந்து ஓர் ஊசி 10 செ.மீ. ஆழம் வரை இறங்கி வெப்பத்தை அளந்தது. அப்போலோக்காரர்கள் மொத்தமாக 382 கிலோ கல்லும் மண்ணும் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் பெரிய வேலைதான். ஆனால் நிலாத் தரையின் சூட்டை மூட்டையில் கட்டிக் கொண்டுவர முடியுமா?

எட்டாவது மாடி

இதையெல்லாம் கேன்டீனில் உட்கார்ந்து நான் அளந்துகொண்டிருந்தபோது, எங்கள் கிளாஸ் நண்பன் ஒருத்தன் சமோசாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எங்க வீடே எக்ஸ் சிட்டுதான் மச்சி."

மூன்று வருஷமாக ஒரே பெஞ்ச். இது எனக்குத் தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீடு போனது. ஆற்றங்கரை வீடு. சில வாரத்தில் லாரி வந்தது. ஊருக்கு வெளியே அடுக்குமாடி, எட்டாவது மாடியில் ஒரு வீடு. படிக்கிற வருஷத்தின் நடுவில் நடந்தது. மீதி வருஷம் பழைய ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறிப் போனான். அவன் அக்கா அந்த வருஷமே நின்றுவிட்டாள். "யாரும் நிறுத்தல. தூரம்தான் நிறுத்துச்சு" என்றான். அம்மா ஓர் ஆஸ்பத்திரி வாசலில் இட்லி போடுவார்கள். இட்லி ஆறரை மணிக்கு வேண்டும், எட்டாவது மாடியிலிருந்து குண்டானோடு இறங்கணும், லிஃப்ட் வேலை செய்தால்.

"அங்கேயே கட்டிக் கொடுத்திருக்கலாமே?" என்றேன், வீர வசனம் மாதிரி.

அவன் சிரித்தான். "நீ சிவில்தானே? ஆத்துக்குள்ள கட்டுவியா? இங்க தண்ணி வீட்டுக்குள்ள வராது. தனி பாத்ரூம் இருக்கு. அது உண்மைதான். ஆனா எதிர்க்கரைல பெரிய பெரிய பில்டிங்கும் ஆத்தை ஒட்டித்தான் இருந்துச்சு. அதுக்கு லாரி வரல."

தேடிப் படித்தேன். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது முதல் வேலையே, குடிசை இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ மூன்று நாலு மாடி வீடுகள் கட்டுவதாக இருந்தது. சென்னைக்குள் பல இடங்களில் அந்த பிளாக்குகளைப் பார்க்கலாம். 1977-ல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டத்தில், ஆளை நகர்த்தாமல் அதே இடத்தில் தெரு, தண்ணீர், விளக்கு, பட்டா கொடுப்பது என்று இன்னொரு வழி வந்தது. 2000-லிருந்து காற்று திசை மாறியது. கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பெரிய பெரிய குடியிருப்புகள், நகரத்தின் ஓரத்தில். நகரத்துக்குள் இடம் விலை ஏறிவிட்டது என்பது கணக்கு. 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நாலு பிரிவுகளில் முதலாவதின் பேரே இன் சிட்டு குடிசை மறுசீரமைப்பு. ஆக லத்தீன் வார்த்தை அரசாங்கக் காகிதத்திலும் இருக்கிறது. வாரியத்தின் பெயரும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

மண்ணை அளக்க எங்களிடம் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவோம். கட்டடம் அந்த மண்மேல் நிற்குமா என்று சொல்லிவிடுவோம். அந்த மண்மேல் ஏற்கெனவே என்ன நின்றுகொண்டிருந்தது, ஸ்கூலா, இட்லி வியாபாரமா, அவசரத்துக்கு அம்பது ரூபாய் கடன் தரும் பக்கத்து வீட்டு அக்காவா... ரெக்கார்ட் நோட்டில் அதற்குக் காலம் கிடையாது. இதைச் சொன்னபோது நண்பன், "அதையெல்லாம் வெச்சு மார்க் போட்டா எனக்கு அரியர் இருக்காதுடா" என்றான். சமோசா ஆறிப்போயிருந்தது.

அவன் அம்மா இன்னமும் அதே ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் போகிறார்கள். விடியற்காலை முதல் பஸ்.

போன வாரம் மறுபடி அதே லேப், ரெக்கார்டில் ரீடிங் தப்பாகிவிட்டதால். நானும் அவனும் ஒரே பேட்ச். குழி தோண்டி, எடை போட்டு, மணல் கொட்டி எல்லாம் முடிந்தது. மணலை அள்ளி எடுத்துவிட்டு, தோண்டிய மண்ணை அதே குழியில் திரும்பப் போட்டு மூடச் சொன்னார் சார். போட்டோம், காலால் மிதித்தோம். குழி நிறைந்த பிறகும் தட்டில் ரெண்டு கை மண் மிச்சம். கெட்டியாகக் கிடந்தது தோண்டியதும் உப்பிவிடும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது.

"சார், மிச்ச மண்ணை எங்கே போடறது?" என்றான் அவன்.

சார் மொபைலைப் பார்த்தபடியே, "எங்கேயாவது கொட்டுப்பா" என்றார்.